கால்களைப் பறித்த எண்ணெய்

பெஹாலா, 1988: ரேஷன் எண்ணெயில் கலந்த நஞ்சும், அதற்கு இரையான ஒரு நொதியும்

இந்த நோயில் முதலில் காட்டிக்கொடுப்பது செருப்பு. நடந்துகொண்டிருக்கும்போதே ஹவாய்ச் செருப்பு காலைவிட்டு நழுவும். திரும்பிப் போய் மாட்டிக்கொண்டு நாலடி வைத்தால் மறுபடியும் நழுவும். பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் தசைகளுக்கு நரம்பு வழியாக உத்தரவு போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். சில நாட்களில் பாதம் தொங்கிப்போகும். முழங்காலை உயரத் தூக்கி, பாதத்தைத் 'தொப்'பென்று தரையில் போட்டு நடக்க வேண்டியிருக்கும். அடுத்து கை. சட்டைப் பொத்தான் போட வராது, சோற்றைப் பிசைந்து உருட்ட வராது. ஆனால் ஊசியால் குத்தினால் வலிக்கும். தொட்டால் பெரும்பாலும் தெரியும். உணர்ச்சி இருக்கும், அசைவு இருக்காது.

1988-ம் ஆண்டு மழைக்காலத்தில் கொல்கத்தாவின் தென்மேற்கில் உள்ள பெஹாலாவில் நூற்றுக்கணக்கானோருக்கு இந்தக் கதி நேர்ந்தது. பெஹாலா என்றால் நமக்குத் தெரிந்தது கிரிக்கெட் வீரர் சவுரவ் கங்குலியின் வீடு. டயமண்ட் ஹார்பர் சாலை அந்தப் பகுதியை நடுவில் பிளந்துகொண்டு தெற்கே போகிறது. 2022 டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட மெட்ரோ அந்தச் சாலைக்கு மேலே ஓடுகிறது. கொல்கத்தா நகரமாக வளர்ந்த மூன்று கிராமங்களை 1698-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த சாபர்ண ராய் சௌத்ரி குடும்பத்தின் பரிஷாவும் இங்கேதான் இருக்கிறது. இத்தனை சங்கதிகள் இருந்தும், நச்சியல் படிப்பவர்களுக்கு இந்த ஊர் தெரியவந்தது ரேஷன் கடையில் விற்ற சமையல் எண்ணெயால்.

அந்த ஆண்டுகளில் இந்தியா கப்பல் கப்பலாகச் சமையல் எண்ணெயை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. நமக்கு ரேஷனில் பாமாயில் வந்ததுபோல, வங்காளிகளுக்கு ரேப்சீட் எண்ணெய். கடுகு குடும்பத்தைச் சேர்ந்த விதை என்பதால் அவர்கள் நாக்குக்கு அது அந்நியமில்லை. வங்காளச் சமையலில் எண்ணெய் தாளிக்க மட்டுமல்ல. முறி என்கிற அரிசிப் பொரியில் பச்சையாக ஊற்றிக் கலப்பார்கள். வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கில் பச்சை மிளகாயோடு விட்டுப் பிசைவார்கள். அப்படிப் பச்சையாகவே சாப்பிடுகிற வாய்க்குக்கூடத் தெரியாதபடி ஒரு பொருள் அந்த எண்ணெயில் கலந்திருந்தது. அதன் பெயர் ட்ரைகிரெசில் பாஸ்பேட், சுருக்கமாக டி.சி.பி.

பி.வி.சி. பிளாஸ்டிக்கை வளையும்படி ஆக்கவும், இயந்திர எண்ணெயின் உழைப்பைக் கூட்டவும் தொழிற்சாலைகளில் பயன்படும் திரவம் இது. நிறமோ மணமோ ருசியோ சொல்லிக்கொள்ளும்படி கிடையாது. எண்ணெயில் நன்றாகக் கரையும், எண்ணெய் போலவே வழவழக்கும். கலப்படக்காரனுக்கு இதைவிட வசதியான சரக்கு வேறு என்ன வேண்டும்?

இதைச் சாப்பிட்டவர்களுக்கு அன்றோ மறுநாளோ குமட்டல், வயிற்றுப்போக்கு வரலாம். மழைக்காலத்தில் யார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? ஓரிரு நாளில் அது சரியாகியும் விடும். பிறகு ஒரு வாரம், பத்து நாள், சில சமயம் மூன்று வாரம் ஒன்றும் இருக்காது. அதற்குப் பிறகுதான் கெண்டைக்காலில் வலி. அதற்கும் பிறகு செருப்பு. அதற்குள் எண்ணெய் தீர்ந்து, பாத்திரமும் கழுவி வைத்தாகியிருக்கும். இந்த இடைவெளிதான் இந்த நஞ்சின் கொடூரம். மருத்துவர் கால் நரம்பைச் சோதிப்பார், போலியோவா என்று யோசிப்பார், ஏதாவது தொற்றா என்று பார்ப்பார். போன மாதத்து எண்ணெயைப் பற்றி யார் பேசப் போகிறார்கள்? பெஹாலாவில் ஒரே நேரத்தில் ஒரே பகுதியில் இத்தனை பேர் விழுந்ததால்தான் பார்வை எண்ணெயின் பக்கம் திரும்பியது. ஒரு வீட்டோடு நின்றிருந்தால் காரணம் தெரியாத வாதம் என்று எழுதி மூடியிருப்பார்கள்.

நஞ்சாக்கும் நொதி

அந்த இரண்டு வாரம் உடம்புக்குள் என்ன நடந்தது? இதைப் புரிந்துகொள்ள நொதிகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

நொதி, அதாவது என்சைம், பெரும்பாலும் ஒரு புரதம். உடம்பில் நடக்கும் வேதிவினை ஒவ்வொன்றையும் வேகப்படுத்துவது அதன் வேலை. வேகம் என்றால் சாதாரண வேகமல்ல. நம் மரபணுப் பொருளுக்குத் தேவையான கூறு ஒன்றைத் தயாரிக்கும் வினை, நொதி இல்லாமல் தானாக நடக்கட்டும் என்று விட்டால், பாதி முடியவே 7.8 கோடி ஆண்டுகள் ஆகும் என்று அமெரிக்க வேதியியலாளர் ரிச்சர்ட் வுல்ஃபெண்டன் 1995-ல் கணக்கிட்டுச் சொன்னார். நொதி இருந்தால் ஒரு நொடியின் சிறு பகுதி போதும். இரத்தத்தில் கரியமில வாயுவைக் கரைக்கும் நொதியின் ஒரே மூலக்கூறு நொடிக்குப் பத்து லட்சம் வினைகளை முடிக்கும். சாப்பிட்ட இட்லி சர்க்கரையாவதும், சர்க்கரை சக்தியாவதும், பழைய செல் சவ்வைப் பிரித்துப் புதிது கட்டுவதும் ஆயிரக்கணக்கான நொதிகளின் வேலை. இந்த மொத்தக் கொடுக்கல் வாங்கலைத்தான் வளர்சிதை மாற்றம் என்கிறோம்.

நொதிக்கு மூலக்கூறின் வடிவம்தான் தெரியும். நல்லது கெட்டது தெரியாது. வடிவம் பொருந்தினால் வேலையைத் தொடங்கிவிடும். பெஹாலாவின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

கல்லீரலில் சைட்டோகுரோம் பி450 என்று ஒரு பெரிய நொதிக் குடும்பம் இருக்கிறது. மனிதர்களிடம் இதற்கு 57 மரபணுக்கள் உண்டு. கொழுப்பில் கரையும் அந்நியப் பொருள் வந்தால் அதில் ஓர் ஆக்சிஜன் அணுவைச் செருகி, நீரில் கரையும்படி மாற்றி, சிறுநீரில் அனுப்ப வழி செய்வது இந்தக் குடும்பத்தின் பணி. நாம் விழுங்கும் மாத்திரைகளில் பெரும்பகுதி இப்படித்தான் வெளியேறுகிறது. டி.சி.பி.யையும் இந்த நொதிகள் கடமை தவறாமல் பிடித்து ஆக்சிஜனைச் செருகுகின்றன. ஆனால் டி.சி.பி.யில் ஆர்த்தோ என்ற வகை இருந்தால், செருகிய ஆக்சிஜன் அந்த மூலக்கூறை வளைத்து ஒரு வளையமாக முடிச்சுப் போட்டுவிடுகிறது. வெளியேற வேண்டிய பொருள், வந்ததைவிடப் பல மடங்கு கொடிய நஞ்சாகிறது. ஜான் கசீடா குழுவினர் இந்த வளைய நஞ்சை 1961-ல் அடையாளம் காட்டினார்கள். சாப்பிட்டது பாதி நஞ்சு. அதை முழு நஞ்சாக்கியது நம் கல்லீரல்.

இது நமக்குப் புதிய செய்தியல்ல, கள்ளக்குறிச்சியில் பார்த்ததுதான். 2024 ஜூனில் கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த சாராயத்தால் இறந்தார்கள். மெத்தனால் தானாகவே பெரிய கொலைகாரன் அல்ல. சாராயத்தைக் கையாளுகிற அதே கல்லீரல் நொதி மெத்தனாலையும் பிடித்து ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. இன்னொரு நொதி அதை ஃபார்மிக் அமிலமாக்குகிறது. அந்த அமிலம் செல்லுக்குள் மூச்சு நடத்தும் நொதியை அடைக்கிறது. கண் நரம்பு முதலில் பலியாகிறது. இங்கே மருத்துவருக்கு ஒரு வழி உண்டு. முதல் நொதிக்கு ஃபோமெபிசோல் மருந்தையோ, நல்ல எத்தனாலையோ கொடுத்து அதன் கவனத்தைத் திருப்பிவிட்டால் மெத்தனால் மாறாமல் கிடக்கும். டயாலிசிஸில் வடித்து எடுத்துவிடலாம். சீக்கிரம் வந்தவர் பிழைக்கிறார். பெஹாலாக்காரர்களுக்கு அந்த வழி இல்லை. அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வரும்போது எல்லாம் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும்.

இரையான நொதி

வளைய நஞ்சு போய்த் தாக்குவது இன்னொரு நொதியை. அதைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய நாற்பது ஆண்டு பிடித்தது என்பதே ஒரு கதை.

1930-ல் அமெரிக்காவில் மதுவிலக்கு. சாராயம் அதிகமுள்ள ஜமைக்கா இஞ்சிச் சாறு மருந்துக் கடையில் கிடைத்ததால் ஏழைகள் அதைக் குடித்தார்கள். அதைக் குடிக்க முடியாதபடி காரமாக்க இஞ்சிச் சத்து இவ்வளவு இருக்க வேண்டும் என்று அரசு விதி போட்டது. சாற்றைக் கொதிக்கவைத்து மிஞ்சும் திடப்பொருளை எடைபோட்டுப் பார்ப்பதுதான் சோதனை. பாஸ்டனைச் சேர்ந்த ஹாரி கிராஸ், மேக்ஸ் ரைஸ்மன் என்ற மைத்துனர்கள் இஞ்சியைக் குறைத்து, அந்த எடையை ஈடுகட்ட டி.சி.பி.யைக் கலந்தார்கள். சோதனையில் சரக்கு தேறியது. பல்லாயிரம் பேர் கால் விழுந்து போனார்கள். அரசு மருத்துவ ஆய்வாளர் மாரிஸ் ஸ்மித் ஆர்த்தோ வகைதான் காரணம் என்று கண்டறிந்தார். பாஸ்டன்காரர்களுக்குக் கிடைத்தது இரண்டு ஆண்டு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. நடக்க முடியாமல் போனவர்களின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால் அதைத் தண்டனை என்று சொல்ல மனம் வரவில்லை.

மொராக்கோவின் மெக்னெஸ் வட்டாரத்தில் 1959-ல் சுமார் 10,000 பேர். அங்கே சமையல் எண்ணெயில் கலந்தது விமான எஞ்சினுக்கான உபரி எண்ணெய். அடுத்த ஆண்டே பம்பாயில் கடுகு எண்ணெய் மூலம் சிலர் முடங்கினார்கள். ஆக, பெஹாலாவில் நடந்தபோது இந்த நோய் மருத்துவப் புத்தகத்தில் ஏற்கெனவே இருந்தது. யாரும் அறியாத நோய் என்று அன்று எவரும் சொல்லிக்கொள்ள முடியாது.

ஆய்வாளர்களுக்குக் கைகொடுத்தது கோழி. எலிக்கு இந்த நோய் எளிதில் வராது. வளர்ந்த பெட்டைக் கோழிக்கு அச்சுஅசலாக மனிதருக்கு வருவது போலவே இரண்டு வாரம் கழித்துக் கால் விழும். குஞ்சுகள் பெரும்பாலும் தப்பிவிடும். இன்றைக்கும் பூச்சிமருந்து ஒன்றுக்கு இந்தத் தீங்கு உண்டா என்று சோதிக்கக் கோழியைத்தான் பயன்படுத்துகிறார்கள். பிரிட்டனின் மார்ட்டின் ஜான்சன் 1969-ல் கோழி மூளையை அரைத்த சாற்றில், கதிரியக்கக் குறி வைத்த நஞ்சை இட்டு, அது எந்தப் புரதத்தில் போய் ஒட்டுகிறது என்று தேடினார். ஒரேயொரு எஸ்டரேஸ் வகை நொதி சிக்கியது. நரம்பு நோய்க்கு இலக்காகும் எஸ்டரேஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆங்கில எழுத்துகளில் என்.டி.இ.

பூச்சிமருந்து குடித்தவர்களைப் பார்த்த நம் ஊர் மருத்துவர்களுக்கு இன்னொரு எஸ்டரேஸ் நன்றாகத் தெரியும்: அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ். அது முடங்கினால் வாயில் நுரை, கண்மணி சுருங்குதல், மூச்சுத் திணறல், உடனடி ஆபத்து. அட்ரோபின் போடுவார்கள். என்.டி.இ. அப்படிக் கூச்சல் போடாது. அது முடங்கிய அன்று ஒன்றும் தெரியாது.

ஏன் தெரியாது? அதற்கு என்.டி.இ. என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். செல் சவ்வின் முக்கியமான கொழுப்பு பாஸ்பாட்டிடில்கோலின். அதைத் தேவைக்கேற்ப உடைத்து அளவாக வைத்திருப்பது என்.டி.இ.யின் பணி என்று தெரியவந்திருக்கிறது. எல்லாச் செல்லிலும் இந்தப் பராமரிப்பு நடக்கிறது. ஆனால் காலுக்குப் போகும் நரம்புச் செல்லின் கஷ்டம் தனி. அதன் உடல் தண்டுவடத்தில் இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் இழை பாதம் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர். செல் உடலை ஒரு கடுகு அளவுக்குப் பெரிதாக்கினால், அந்த இழை 20 மீட்டருக்குக் குறையாமல் நீளும். அத்தனை தூரத்துக்கும் சரக்கு செல் உடலிலிருந்துதான் போயாக வேண்டும். கொழுப்புக் கணக்கு குலைந்தால் கடைசி முனைக்கு வரத்து நின்று, முனையிலிருந்து இழை சிதையத் தொடங்கும். மிக நீளமான இழைகள்தான் முதல் பலி. அதனால் முதலில் கால், பிறகு கை. இந்தச் சிதைவு வெளியே தெரியும் அளவுக்கு வளர எடுத்துக்கொள்ளும் காலம்தான் அந்த ஒன்றிரண்டு வாரங்கள்.

ஒரே எண்ணெயைச் சாப்பிட்ட வீட்டில் ஒருவர் விழுவதும் ஒருவர் தப்புவதும் எப்படி என்பதற்கும் இந்த நொதியிடம் பதில் இருக்கிறது. கோழிகளில் பார்த்தபோது என்.டி.இ.யில் சுமார் 70 சதவீதத்துக்கு மேல் முடங்கினால்தான் நோய் வந்தது. அதற்குக் கீழே நின்றால் மீதமுள்ள நொதி சமாளித்துவிடும், உடல் புதிதாகவும் தயாரித்துக்கொள்ளும். இரண்டு கரண்டி எண்ணெய் கூடுதலா குறைவா என்பது நடப்பதா முடங்குவதா என்பதைத் தீர்மானித்திருக்கலாம். கோட்டைத் தாண்டியவருக்கு மாற்று மருந்து கிடையாது. ஏனென்றால் நொதியில் ஒட்டிய நஞ்சு கொஞ்ச நேரத்தில் தன் ஒரு பகுதியை உதறிவிட்டு நிரந்தரமாக உறைந்துவிடுகிறது. பூச்சிமருந்து குடித்தவர்களுக்குப் போடும் 'பாம்' (PAM) என்ற முறிவு மருந்து ஊசியால் அதைப் பெயர்க்க முடியாது.

இந்த நொதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஈ ஒன்றும் சாட்சி சொல்லியிருக்கிறது. மூளையில் ஓட்டை ஓட்டையாக விழுந்து சாகும் பழ ஈ வகை ஒன்றுக்கு ஆய்வாளர்கள் 'சுவிஸ் சீஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். 1997-98-ல் அந்த ஈயிடம் பழுதான மரபணுவும் மனிதரின் என்.டி.இ. மரபணுவும் உறவு என்று தெரிந்தது. 2008-ல் இன்னொரு செய்தி: இதே மரபணுவில் பிறவிப் பழுது உள்ள குடும்பங்களில் கால்கள் விறைத்து, தசை மெலிந்துபோகும் நோய் பரம்பரையாக வருகிறது. எண்ணெய் செய்ததை அங்கே மரபணு செய்கிறது.

மலையகத்து நல்லெண்ணெய்

தமிழ் வாசகர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பெஹாலாவுக்குப் பத்தாண்டு முன்பே இந்த நஞ்சு தமிழ் வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறது.

1977-78-ல் இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சிறுமிகள் ஒருவர்பின் ஒருவராகக் கைகால் விழுந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். எல்லோரும் சமீபத்தில் வயதுக்கு வந்தவர்கள். வீட்டில் ஆண்களுக்கு ஒன்றுமில்லை, பாட்டிக்கு ஒன்றுமில்லை. குறிப்பாக இந்தப் பெண்களுக்கு மட்டும் ஏன்? பேராதனை மருத்துவர் நிமல் சேனநாயக்கவும் ஜெயரத்னமும் விசாரித்து 1981-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். பெண் பெரியவளானால் நாம் என்ன செய்வோம்? தனியே உட்காரவைத்து, பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்போம். இடுப்பெலும்பு பலப்பட வேண்டும் என்பது பாட்டிமார் கணக்கு. அதற்கென்று வாங்கிய நல்லெண்ணெயில் டி.சி.பி. இருந்தது. சடங்குக்காகவே ஒதுக்கிய எண்ணெய் என்பதால் வீட்டில் வேறு யாரும் அதை அந்த அளவுக்குச் சாப்பிடவில்லை. கனிம எண்ணெய் இருந்த கொள்கலனில் நல்லெண்ணெய் வந்திருக்கலாம் என்பது சந்தேகம்.

பாசத்தோடு தாய் கையால் கொடுத்த எண்ணெய் மகளின் காலை வாங்கியிருக்கிறது. அந்தத் தாய்களிடம் இதை யார், எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தாலே நெஞ்சை அடைக்கிறது. இந்தச் சம்பவம் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்பட்டிருக்க வேண்டியது.

முடங்கியவர்கள் பிறகு எழுந்தார்களா? ஓரளவுக்கு. கைகால்களில் ஓடும் நரம்பு இழை திரும்ப வளரும், நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வேகத்தில். கைக்குப் பலம் திரும்புவது கொஞ்சம் சுலபம். தண்டுவடத்துக்குள் சிதைந்த இழைகள் அப்படி வளராது. அதனால் தொங்கிய பாதம் தேறிய பிறகு சிலருக்குக் கால் விறைத்துக்கொள்ளும். துவண்ட கால் விறைத்த காலாக மாறியிருக்கும், அவ்வளவுதான்.

சட்டம் எதைத் தேடுகிறது?

உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954-லேயே வந்துவிட்டது. 2006-ல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் வந்தது. இடையில் 1998-ல் டெல்லியில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்த கடுகு எண்ணெயால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சமையல் எண்ணெயைப் பொட்டலமிடாமல் அளந்து விற்பதற்கு இன்று தடை இருக்கிறது. ஆனால் மாநில அரசு விலக்கு கொடுக்கலாம். சந்துக்கடைகளில் டின்னிலிருந்து முகந்து ஊற்றுவது நின்றபாடில்லை.

பாஸ்டன் முதல் பெஹாலா வரை ஒரே பாடம்தான் தெரிகிறது என்பது என் கருத்து. அதிகாரிகள் எதைச் சோதிப்பார்கள் என்பது கலப்படக்காரனுக்குத் தெரியும். அவன் அதைத் தவிர்த்து வேறொன்றைக் கலப்பான். பட்டியலில் உள்ளதை மட்டும் தேடுகிற சோதனை, பட்டியலில் உள்ளதை மட்டும்தான் கண்டுபிடிக்கும். அதோடு, கொள்கலன்களை யாரும் கண்காணிப்பதில்லை. நேற்று மசகு எண்ணெய் ஏற்றிய டேங்கரும் பீப்பாயும் இன்று சமையல் எண்ணெய் ஏற்றக் கூடாது என்பதை உறுதிசெய்ய நொதியியல் படிக்க வேண்டியதில்லை. ஒரு பதிவேடும் அதைப் பார்க்கிற ஓர் ஆளும் போதும்.

மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீட்டில் செய்ய ஒரு சோதனையைப் பரப்புகிறது: 2 மில்லி எண்ணெயில் கொஞ்சம் மஞ்சள் வெண்ணெயைப் போட வேண்டும்; சிவந்தால் டி.சி.பி. உண்டு, சிவக்காவிட்டால் இல்லை. செய்து பார்க்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பிக் குழந்தைக்கு எண்ணெய் ஊற்ற நான் துணிய மாட்டேன். சந்தேகம் இருந்தால் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம்தான் சரி.

வாசகர்களிடம் கேட்பது இதுதான். பெயரில்லாத டின்னிலிருந்து அளந்து ஊற்றும் எண்ணெயை வாங்காதீர்கள், நாலு ரூபாய் மிச்சமானாலும். பெண் பெரியவளானதற்கும் பிள்ளைபெற்றவளுக்கும் கொடுக்கிற நல்லெண்ணெய் என்றால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும், ஏனென்றால் அதைக் கரண்டி கரண்டியாகக் குடிக்கக் கொடுக்கிறோம். வீட்டில் யாருக்காவது திடீரென்று கெண்டைக்கால் வலித்து, செருப்பு நழுவத் தொடங்கினால், மருத்துவரிடம் அன்றைய சாப்பாட்டை மட்டும் சொல்லாதீர்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு முன் எந்தக் கடையில் என்ன எண்ணெய் வாங்கினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பாட்டிலின் அடியில் மிச்சம் இருந்தால் கொட்டிவிடாமல் கையோடு எடுத்துப் போங்கள்.